டேப்பட் அடிக்கிற பழைய எஞ்சின்: திருகுவதற்கு முன் கேட்க வேண்டியவை

"டக்கு டக்குன்னு சத்தம் வருது, டேப்பட்டைக் கொஞ்சம் டைட் பண்ணி விடுங்க" என்று சொல்லித்தான் பழைய அம்பாசிடரைப் பட்டறையில் விடுகிறார்கள். டைட் பண்ணினால் சத்தம் போய்விடும். ஆறு மாதத்தில் எக்ஸாஸ்ட் வால்வும் போய்விடும். வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை இறக்குவது மூடி உட்கார்ந்திருக்கும் நேரத்தில், சீட் (ஹெட்டில் வால்வு உட்காரும் இடம்) வழியாக. டேப்பட் இடைவெளி என்பது ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும் கை) முனைக்கும் வால்வு தண்டுக்கும் நடுவே விடும் சந்து. அது இல்லாமல் இறுக்கிவிட்டால் சூடேறி நீளும் வால்வு சீட்டில் முழுதாக உட்காராது. இடுக்கில் நெருப்புப் புகுந்து விளிம்பு தீயும், கம்ப்ரஷன் இறங்கும். கொஞ்சம் சத்தம் போடுகிற டேப்பட்டோடு வண்டி ஓட்டலாம், சத்தமே இல்லாத டேப்பட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இங்கே முக்கியமாகச் சொல்வது அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். ஐசுசு 1800 பெட்ரோல் எஞ்சின் வண்டிகளில், வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம் ஷாஃப்ட் மேலேயே இருக்கும், அதன் முறை வேறு.

முதலில் காது. கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும். ஐடிலிங் 800 ஆர்.பி.எம். என்றால் ஒரு வால்வு நிமிடத்துக்கு 400 தடவை, அதாவது விநாடிக்கு ஏழுக்கும் கொஞ்சம் குறைவாகத் திறக்கும். தையல் மெஷின் போல மெல்லிய, உலோகமான, எண்ணிவிடலாம் போன்ற டிக்டிக் என்றால் வால்வுப் பக்கம். கனமாக, அடியிலிருந்து, லோடு ஏறும்போது கூடுகிற அடி என்றால் பேரிங். அதற்காக மேலுள்ள ராக்கர் கவரைக் கழற்றிப் பயனில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் கேட்டு, சூடானதும் மறைவது பெரும்பாலும் பிஸ்டன் ஸ்லாப், அதாவது தளர்ந்த பிஸ்டன் சிலிண்டர் சுவரில் அடிப்பது. மேடு ஏறும்போது மட்டும் கலகலப்பது இக்னிஷன் டைமிங்.

டேப்பட் மாதிரியே ஏமாற்றுகிறவை இன்னும் மூன்று உண்டு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பேக்கிங் ஓட்டையானால் அச்சு அசல் டேப்பட் சத்தம் வரும். இணைப்பில் கருப்புக் கரி படிந்திருக்கிறதா பாருங்கள். கேம் ஷாஃப்ட் தள்ளுகிற பெட்ரோல் பம்பின் லீவர் தேய்ந்தாலும் அதே தாளம்தான். வாட்டர் பம்ப், டைனமோ மேல் சந்தேகம் இருந்தால் ஃபேன் பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிடம் மட்டும் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எந்த வால்வு என்று கண்டுபிடிக்க ராக்கர் கவரைக் கழற்றி, எஞ்சினை ஐடிலிங்கில் விடுங்கள். வேட்டி, துண்டு, தொங்குகிற சட்டைக் கை எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது. 12 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஃபீலர் பிளேடை, அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை, ஒவ்வொரு ராக்கர் முனைக்கும் வால்வு தண்டுக்கும் நடுவே நுழையுங்கள். எதில் நுழைத்ததும் சத்தம் அடங்குகிறதோ அதுதான் ஆள். எதிலும் மாறாவிட்டால், ஸ்குரூ டிரைவரால் ஒவ்வொரு ராக்கரையும் பக்கவாட்டில் மெதுவாக அழுத்துங்கள். அப்போது சத்தம் மாறினால் ராக்கரின் புஷ் (ஷாஃப்ட்டைச் சுற்றி உள்ள உள்வளையம்) தேய்ந்திருக்கிறது அல்லது ராக்கர்களுக்கு இடையிலுள்ள ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. இரண்டிலும் சத்தம் மாறாவிட்டால் குறை கீழே, கேமிலோ அதன் மேல் உட்காரும் ஃபாலோவரிலோ. கவரைத் திறந்த கையோடு ராக்கர்களுக்கு எண்ணெய் ஏறுகிறதா என்றும் பாருங்கள். ராக்கர் ஷாஃப்ட்டின் துளைகள் கசடால் அடைத்துக்கொண்டால் எட்டு ராக்கரும் சேர்ந்து உலர்ந்த சத்தம் போடும். இடைவெளியை மாற்றி அதைத் தீர்க்க முடியாது. கவரின் உள்பக்கம் தயிர் மாதிரி வெள்ளைப் படலம் இருந்தால் உடனே ஹெட் கேஸ்கெட் போய்த் தண்ணீர் எண்ணெயில் கலக்கிறது என்று பயந்துவிட வேண்டாம். மழை மாதங்களில் கும்பகோணம் கடைத்தெருவுக்குள்ளேயே இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கிற வண்டிக்கு அது சாதாரணம். ரேடியேட்டர் தண்ணீர் குறையாமல் இருந்தால் துடைத்துவிட்டு, தஞ்சாவூர் வரை ஒரு நடை ஓட்டினால் போதும்.

இடைவெளி வைப்பது ராத்திரி முழுக்க நின்று ஆறிய எஞ்சினில், காலை முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால். இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 15 தௌ, அதாவது 0.38 மி.மீ. ஹெட் நட்டுகளை இறுக்க வேண்டிய வேலை இருந்தால் அதை முடித்துவிட்டே இதைத் தொடங்குங்கள். ஹெட் இறங்கினால் இடைவெளி மாறிவிடும். நான்கு பிளக்கையும் கழற்றினால் ஹேண்டில் போட்டு ஒரு கையால் சுற்றலாம்.

முன்னாலிருந்து வால்வுகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுங்கள். 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட். 2, 3, 6, 7 இன்லெட். இனி ஒன்பது கணக்கு: எந்த வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதோ, அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் வருவதை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். 8 திறந்திருந்தால் 1. பிறகு 6 திறந்தால் 3, 4 திறந்தால் 5, 7 திறந்தால் 2, 1 திறந்தால் 8, 3 திறந்தால் 6, 5 திறந்தால் 4, 2 திறந்தால் 7. இந்த வரிசையில் போனால் கிராங்க் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் எட்டும் முடிந்துவிடும். டைமிங் குறி தேட வேண்டியதில்லை.

லாக் நட்டை ஸ்பேனரால் தளர்த்தி, ஸ்குரூவை டிரைவரால் பிடித்துக்கொண்டு, பிளேடை நுழைத்துத் திருப்புங்கள். பிளேடு எண்ணெய்க் காகிதத்தை இழுப்பது போல லேசான பிடிப்போடு வர வேண்டும். பலரும் தவறுவது இதற்கு அடுத்த படியில்: லாக் நட்டை இறுக்கும்போது ஸ்குரூவும் கூடவே நகரும், இரண்டு மூன்று தௌ குறைந்துவிடும். இறுக்கிய பிறகு மறுபடி அளக்காவிட்டால் வேலை முடிந்ததாகக் கணக்கில்லை. 14 தௌ தாராளமாகப் போய், 16 தௌ போக மறுத்தால் சரி.

சரியாக 15 வைத்தும் ஒரு ராக்கர் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தால் பிளேடு பொய் சொல்கிறது என்று அர்த்தம். ராக்கர் முனையில் வால்வு தண்டு தட்டும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பளபளவென்று, தண்டின் அகலத்துக்கு ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருக்கும். நகத்தை ஓட்டினால் விளிம்பில் தட்டும். தட்டையான பிளேடு அந்தப் பள்ளத்தின் இரு கரையிலும் பாலம் மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. தண்டோ பள்ளத்துக்குள் இறங்கி அடிக்கிறது. பள்ளம் 8 தௌ ஆழம் என்றால் உண்மையான இடைவெளி 23. இதற்குத் தற்காலிக வழி ஒன்று உண்டு. பள்ளமில்லாத ஒரு ராக்கரில் 15 தௌ சரியாக வைத்து, அங்கிருந்து இடைவெளி பூஜ்யமாகும் வரை ஸ்குரூவின் கோடு எவ்வளவு திரும்புகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளம் விழுந்த ராக்கரில் முதலில் பூஜ்யம் வைத்து, அதே அளவு பின்னால் திருப்பினால் போதும். மறக்காமல் முதல் ராக்கரைப் பழையபடி 15-க்குக் கொண்டுவாருங்கள்.

நிரந்தர வழி, லேத் பட்டறையில் முனையை வளைவு மாறாமல் அரைத்து வாங்குவது. அதிகம் அரைத்தால் மேலே உள்ள கடினத் தோல் போய், அடுத்த பள்ளம் இன்னும் சீக்கிரம் விழும். புஷ்ஷும் மாற்றினால், புதுப் புஷ்ஷில் எண்ணெய்த் துளை போட்டார்களா என்று ஊதிப் பார்த்தே கையில் வாங்குங்கள். ராக்கர் ஷாஃப்ட் தேய்வது அடிப்பக்கம்தான். புஷ் ராடும் (ஃபாலோவரிலிருந்து ராக்கரைத் தள்ளும் நீளக் கம்பி) வால்வு ஸ்பிரிங்கும் ராக்கரை மேல்நோக்கித் தள்ளுவதால் அப்படி. மேலே பார்த்துவிட்டு "ஷாஃப்ட் நல்லா இருக்கு" என்று சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு எச்சரிக்கை: ராக்கர் தாங்கிகளின் எட்டு நட்டில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. தண்ணீரை இறக்கி, எல்லா ஹெட் நட்டையும் படிப்படியாகத் தளர்த்தாமல் அவற்றை மட்டும் கழற்றினால் ஹெட் வளையும், கேஸ்கெட் ஒழுகும்.

ஒவ்வொரு தடவையும் அட்ஜஸ்ட் செய்வதற்கு முன் இருந்த அளவை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே வால்வில் இடைவெளி திரும்பத் திரும்பக் கூடினால் கேம் அல்லது ஃபாலோவர் தின்னப்படுகிறது. குறைந்துகொண்டே வந்தால், அதுவும் எக்ஸாஸ்ட் என்றால், வால்வு சீட்டுக்குள் புதைகிறது. இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது 2000 பிப்ரவரியில். இந்தப் பழைய ஹெட்களில் சீட் வார்ப்பிரும்பிலேயே வெட்டியது. ஈயம் கொடுத்த காப்பு இப்போது இல்லை. ஹெட்டைக் கழற்றும் வாய்ப்பு வரும்போது எக்ஸாஸ்டுக்குக் கடின சீட் வளையம் போட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் பைக்கில் ஃபீலர் பிளேடுக்கே வேலையில்லை. எஞ்சின் ஆறியிருக்க, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, வலப்பக்க டேப்பட் கவருக்குள் புஷ் ராடை விரலால் சுழற்றுங்கள். தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தும் டிக்டிக் வந்தால் டீகம்ப்ரஸர் (எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றுத் தூக்கிப் பிடிப்பது) கேபிளைப் பாருங்கள். அது இழுத்தபடி இருந்தால் எக்ஸாஸ்டைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

டிராக்டரில், பெர்கின்ஸ் 3.152 வகை மூன்று சிலிண்டர் டீசலுக்கு ஆறிய எஞ்சினில் 12 தௌ, சூட்டில் 10. டெல்டாவில் அதற்கு வரும் தனி வியாதி, ஐப்பசி மழை. உழவு முடிந்து கொட்டகை ஓரத்தில் நிற்கும் டிராக்டரின் நிமிர்ந்த சைலன்சர் வழியே தண்ணீர் இறங்கி, எக்ஸாஸ்ட் வால்வு தண்டு கைடுக்குள் துருப்பிடிக்கும். அடுத்த உழவுக்கு நேரே ஸ்டார்ட்டரை அழுத்தினால் புஷ் ராடு வளையும். பிறகு கேட்கிற சத்தத்தை எந்த அட்ஜஸ்ட்மென்டும் தீர்க்காது. பல மாதம் நின்ற எஞ்சினில் முதலில் கவரைத் திறந்து தண்டுகளைச் சுற்றி டீசல் விட்டு ஊறவையுங்கள். எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றி, ஆறு வால்வும் இறங்கி ஏறுகின்றனவா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட்டர். சந்தேகமான புஷ் ராடைக் கண்ணாடி மேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். வளைந்ததைத் தட்டி நிமிர்த்தாமல் புதிதாகவே போடுங்கள். நிறுத்தும் அன்றைக்கே சைலன்சர் வாயில் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்தால் இதில் எதுவும் தேவைப்படாது.