ருமேனிய மொழிபெயர்ப்பில் வினைச்சொல் சிக்கலை நான் தீர்த்த விதம்

ஆங்கிலத்திலிருந்து ருமேனிய மொழிக்கு மாற்றும்போது எனக்குப் பெரிதும் தொல்லை கொடுத்தவை அரிய சொற்கள் அல்ல. 'மேக்', 'டேக்', 'பிளே' போன்ற அன்றாட வினைகள்தாம். ஆங்கிலத்தில் 'மேக்' என்னும் வினை ஏற்கும் முடிவை ருமேனியர், தமிழரைப் போலவே, எடுக்கிறார்கள். அதற்குரிய வினை 'லுவா'. 'டேக்' ஏற்கும் ஒளிப்படத்துக்கும் குளியலுக்குமோ, செய்தலைக் குறிக்கும் 'ஃபாச்சே' வருகிறது. கால்பந்துக்கு 'ஜுகா' பொருந்தும். பியானோவுக்குப் பாடுவதைக் குறிக்கும் வினையே வேண்டும்.

ஆகவே, வினையைத் தனியே தேடுவதை விட்டுவிட்டு, அதனுடன் வரும் பெயர்ச்சொல்லை 'டெக்ஸ்ஆன்லைன்' என்னும் இணைய அகராதியில் பார்த்து, அங்குள்ள எடுத்துக்காட்டுத் தொடரை முழுமையாகவே குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன். குறிப்பேடு விரைவில் தடித்துவிட்டது என்பது வேறு கதை.

உணர்வுகளைச் சொல்லும் தொடர்களில் மட்டும் ஆங்கிலத்தைவிடத் தமிழே கைகொடுத்தது. 'மியே ஃபொஆமே' என்பது 'எனக்குப் பசி' என்னும் நம் நான்காம் வேற்றுமை அமைப்பேயாகும். ஒருவரைப் பிரிந்து ஏங்குவதைச் சொல்லும் 'மியே தோர்' என்பதும் அவ்வாறே. ஆங்கிலத்தில் பூனையும் நாயுமாகப் பொழியும் மழை ருமேனியாவில் வாளியால் கொட்டுகிறது. இத்தகைய மரபுத்தொடர்களை மட்டும் தனிப்பக்கத்தில் தொகுத்து வருகிறேன்.