ஆற்று வெள்ளத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்க எத்தனை மீட்டர் கட்டம் வேண்டும்?

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாற்றில் வந்த வெள்ளத்தைக் கணினியில் மீண்டும் ஓட்டிப் பார்க்க விரும்புபவர், மழையளவையும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரளவையும் தேடும் முன்பே, தம்மிடமுள்ள நில உயரத் தரவு எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

படி 1: தரவைத் தேர்ந்தெடுங்கள்.
எண்டெவர் விண்கலம் 2000 பிப்ரவரியில் ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம், அதற்குப் பிந்தைய கோப்பர்னிக்கஸ் ஆகிய இரண்டு நில உயரத் தரவுகளும், நிலத்தை ஏறத்தாழ 30 மீட்டர் பக்கமுள்ள சதுரக் கட்டங்களாகப் பிரித்து, இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டிலும் கூரைகளும் மர உச்சிகளும் தரையோடு கலந்துள்ளன. ஆகவே சென்னை போன்ற நகரத்துக்கு, கட்டடங்களையும் மரங்களையும் கணக்கிட்டுக் கழித்த ஃபேப்டெம் தரவையே நான் எடுப்பேன்.

படி 2: கரை தெரிகிறதா என்று பாருங்கள்.
இந்தப் படியை அவசரப்பட்டுக் கடக்காதீர்கள். 4 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள ஒரு கரை, 30 மீட்டர் கட்டம் ஒன்றின் குறுக்கே செல்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு கட்டத்துக்கு ஓர் உயரம்தான் உண்டு என்பதால், அந்தக் கரை கட்டம் முழுவதற்கும் பரவி, வெறும் 0.4 மீட்டர் மேடாகச் சுருங்கிவிடும். உண்மையில் ஆற்றுக்குள் நிற்கும் நீர், மாதிரியில் கரை தாண்டித் தெருவுக்குள் பாயும். குறுகிய கால்வாயும் இப்படியே தூர்ந்ததுபோல் ஆகும். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கோடு வரைந்து, அதன் உயர வெட்டுமுகத்தை எடுத்தால் இது கண்ணுக்குத் தெரியும்.

30 மீட்டர் தரவை 5 மீட்டராக மாற்றிக்கொள்வதால் பயனில்லை. படம் வழவழப்பாகுமே தவிர, தொலைந்த கரை திரும்பி வராது.

படி 3: தரவைத் திருத்துங்கள்.
லேசர் ஒளியால் நில உயரத்தை அளக்கும் லிடார் முறையில் எடுத்த 1 மீட்டர் தரவு கிடைத்தால் கரை தெளிவாகத் தெரியும். ஆனால் வழக்கமான லிடார் ஒளி கலங்கல் நீருக்குள் ஊடுருவாது என்பதால், ஆற்றின் அடிமட்டத்தை நேரடி அளவீட்டிலிருந்து எடுத்துத் தரவில் செதுக்க வேண்டும். பாலத்தின் மேல்தளம் தரையாகப் பதிவாகியிருந்தால் அது அணைபோல் நீரைத் தடுக்கும், அதை நீக்குங்கள்.

படி 4: கணக்கீட்டுக் கட்டத்தை முடிவு செய்யுங்கள்.
மென்பொருள் நீரோட்டத்தைக் கணக்கிடும் கட்டம், தரவின் கட்டத்திலிருந்து வேறானது. அதன் அளவைப் பாதியாக்கினால் கட்டங்கள் 4 மடங்காகும். ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலான கால இடைவெளியும் பாதியாக வேண்டியிருப்பதால் கணக்கீடு ஏறத்தாழ 8 மடங்காகும். வெள்ள ஓட்டத்தைக் கணக்கிடும் ஹெக்-ராஸ் மென்பொருள், பெரிய கட்டத்துக்குள்ளும் அடியிலுள்ள நுண்ணிய தரவின் மேடுபள்ளத்தை நினைவில் வைத்திருக்கும். எனவே 1 மீட்டர் தரவின்மேல் 20 மீட்டர் கட்டம் போதுமானதாக இருக்கலாம். கட்டத்தின் விளிம்பு கரையின் உச்சியோடு ஒட்டிச் செல்லுமாறு முறிவுக்கோடு வரைந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

படி 5: இரண்டு கட்ட அளவுகளில் ஓட்டி ஒப்பிடுங்கள்.
ஒவ்வோர் அளவிலும் சைதாப்பேட்டைப் பாலத்தருகே கிடைக்கும் நீர்மட்டத்தை, 2015 வெள்ளம் சுவர்களில் விட்டுச்சென்ற கறையின் உயரத்தோடு ஒப்பிடலாம். அப்போது இரண்டு உயரங்களும் ஒரே கடல்மட்ட அடிப்படையில் அளக்கப்பட்டவையா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.