தனியாகப் படகில் சென்று பறவைகளைப் படம் எடுத்தல்: தொடங்குபவர்களுக்கான செய்முறை விளக்கம்

படகில் தனியாகச் செல்லும் ஒளிப்படக்காரருக்கு இருப்பவை இரண்டே கைகள். துடுப்பைப் பிடித்திருக்கும்போது கேமராவைத் தொட முடியாது. கேமராவை எடுத்தாலோ, காற்றும் நீரோட்டமும் இழுத்த திசையில் படகு போகத் தொடங்கிவிடும். இந்த நெருக்கடியை முன்கூட்டியே எண்ணித் திட்டமிட்டால், ஓர் இரவு கூடாரத்தில் தங்கி, மாலையிலும் மறுநாள் விடியலிலும் நீரில் இறங்கிப் பறவைகளைப் படம் எடுத்துத் திரும்பும் பயணம் புதியவர்களுக்கும் எட்டக்கூடியதே. கயாக், கேனோ போன்ற துடுப்புப் படகை அமைதியான நீரில் ஓட்டத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அது இன்னும் கைவராதவர்கள், கேமராவை வீட்டில் வைத்துவிட்டு முதலில் படகைப் பழகிக்கொள்ள வேண்டும்.

படி 1: இடமும் நேரமும்

முதல் பயணத்துக்குப் பரந்த திறந்த நீர்ப்பரப்பு வேண்டாம். நாணலும் மரங்களும் காற்றைத் தடுக்கும் ஏரியின் ஒதுக்குப்புறம், மெதுவாக ஓடும் ஆற்றின் வளைவு, கழிமுகத்தின் உட்பகுதி ஆகியவை பொருத்தமானவை. பாதையின் எந்த இடத்திலிருந்தும் சில நிமிடங்களில் கரையை அடைய முடிய வேண்டும். வெயில் ஏற ஏற நிலம் சூடாகிக் காற்று வலுப்பதால், பெரும்பாலான நாள்களில் விடியலை ஒட்டிய நேரத்தில்தான் நீர் அமைதியாக இருக்கும். பறவைகள் சுறுசுறுப்பாக இரை தேடுவதும், ஒளி சாய்வாகவும் மென்மையாகவும் விழுவதும் அந்த நேரத்தில்தான். நடுப்பகலில் சூடான காற்று அலையாடித் தொலைவிலுள்ள பறவையின் இறகு விவரங்களைக் குலைத்துவிடும். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் அதைச் சரிசெய்யாது. ஆகவே நடுப்பகலை ஓய்வுக்கு ஒதுக்கிவிடுங்கள். புறப்படும்போது காற்றை எதிர்த்துச் சென்றால், களைத்துத் திரும்பும்போது அதே காற்று துணைக்கு வரும்.

கழிமுகத்துக்குச் செல்வதாக இருந்தால், கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையைப் பாருங்கள். பெரும்பாலான கடற்கரைகளில் ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆவதால், உயர் ஓதம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். சேற்றுத் திட்டுகளில் சிதறி மேயும் உள்ளான்களையும் உப்புக்கொத்திகளையும் ஏறும் நீர் சிறிய இடத்துக்குள் ஒதுக்கிவிடும். வற்றும் நீரிலோ படகு சேற்றில் தட்டி நின்றுவிடக்கூடும். தள்ளிவிட ஆள் இல்லாதவர், நீர் ஏறும்போது உள்ளே செல்வதே நல்லது.

படி 2: பாதுகாப்பு

லைஃப் ஜாக்கெட் படகில் கிடந்தால் போதாது, உடலில் இருக்க வேண்டும். விசிலும், நீர்புகா உறையிலிட்ட கைப்பேசியும் அவ்வாறே. படகு உங்களை விட்டு விலகிப்போனாலும் அவை உங்களிடம் இருக்கும். கவிழ்ந்த படகில் மீண்டும் ஏறுவதை, ஆழம் குறைந்த நீரில், வேறொருவர் அருகில் இருக்கும்போது பலமுறை பழகுங்கள். ஏற முடியாவிட்டால் படகைப் பற்றிக்கொண்டிருங்கள். பொதுவாக அதை விட்டு நீந்திப்போவதே பெரிய ஆபத்து. 15 டிகிரி செல்சியஸுக்குக் குறைவான நீரில் விழுந்தால், நன்றாக நீந்துபவருக்கும் முதல் ஓரிரு நிமிடங்கள் மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும் என்பதால், காற்று எவ்வளவு வெதுவெதுப்பாக இருந்தாலும் நீரின் குளிர்ச்சிக்கு ஏற்ப உடையணியுங்கள்.

எங்கே படகை இறக்குகிறீர்கள், எந்த வழியில் போகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள், அந்த நேரம் கடந்தால் யாரை அழைக்க வேண்டும் என்பதையெல்லாம் நம்பகமான ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். தங்குவதற்கும் படகு ஓட்டுவதற்கும் அனுமதி தேவையா என்பதையும், கூடு கட்டும் பருவத்தில் மூடப்படும் பகுதிகள் எவை என்பதையும் முன்பே கேட்டறியுங்கள்.

படி 3: எடுத்துச் செல்ல வேண்டியவை

அகலமான, எளிதில் ஆடாத படகே படம் எடுப்பவருக்கு உகந்தது. வேகம் இங்கே பயன்படாது. பைனாகுலரில் 8 மடங்கு பெரிதாக்கும், முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டராக உள்ள வகையைப் பரிந்துரைக்கிறேன். 10 மடங்கு வகை பறவையைப் போலவே படகின் ஆட்டத்தையும் கூடுதலாகப் பெரிதாக்கும். லென்ஸ், கையில் தாங்கக்கூடிய 400 மில்லிமீட்டர் வரையிலான ஜூமாக இருக்கட்டும். முக்காலி வேண்டாம், ஏனெனில் படகின் அசைவு முழுவதும் அதன் வழியே கேமராவுக்கு ஏறிவிடும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்துப் பிடிப்பதே போதுமானது. கனமான பொருள்கள் படகின் நடுவில், தாழ்வாக இருக்கட்டும்.

படி 4: கேமராவைக் கரையிலேயே அமைத்தல்

நீரில் மிதக்கும்போது பொத்தான்களைத் தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது. ஷட்டர் வேகத்தை நீந்தும் பறவைக்கு 1/1000 நொடியாகவும், பறக்கும் பறவைக்கு 1/2000 அல்லது அதைவிட விரைவாகவும் வைத்து, ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியில் விடுங்கள். குவியத்தை, தொலைவு மாற மாறத் தானே சரிசெய்துகொள்ளும் தொடர் குவியத்தில் வையுங்கள், ஏனெனில் பறவை அசையாவிட்டாலும் உங்கள் படகு அசையும். இருண்ட நீரின் பின்னணியில் நிற்கும் வெண்கொக்கின் இறகுகள் வெளிறிப் போகாதிருக்க ஒளியளவை 2/3 முதல் 1 படி (ஸ்டாப்) வரை குறையுங்கள். பளபளக்கும் நீரில் இருக்கும் நீர்க்காகத்துக்கு அதே அளவு கூட்டுங்கள்.

படி 5: நெருங்குதல்

பயணத்தின் மற்ற வேலைகள் எல்லாம் இந்தச் சில நிமிடங்களுக்காகவே என்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தொலைவிலேயே நின்று பைனாகுலரில் பறவையைப் பார்த்து, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி ஒரு கோட்டைத் தீர்மானியுங்கள். அந்தக் கோடு பறவையை நோக்கி நேராகப் போகாமல், அதற்குப் பக்கவாட்டில் கடந்து செல்ல வேண்டும். நேரே வரும் உருவத்தைப் பல பறவைகள் வேட்டையாடும் விலங்காகவே எடுத்துக்கொள்ளும். பின்னர் சுற்றிச் சென்று, காற்றோ நீரோட்டமோ உங்களை அந்தக் கோட்டின் வழியே இழுத்துச் செல்லக்கூடிய இடத்தை அடையுங்கள். அங்கே படகைத் திருப்பி நிறுத்தி, துடுப்பைச் சத்தமின்றி மடியில் கிடத்தி, அது நழுவாமல் படகோடு கயிற்றால் இணைத்திருப்பதை உறுதி செய்துகொண்டு, கேமராவை எடுங்கள். இனிப் படகு தானாக மிதந்து செல்லட்டும்.

கேமராவை மெதுவாக உயர்த்தி, முதல் படத்தைத் தொலைவிலிருந்தே எடுங்கள். அந்த ஓசைக்குப் பறவை எப்படி நடந்துகொள்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். ஆழமற்ற நீரில் இரைக்காகக் காத்து நிற்கும் சாம்பல் நாரையை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்து வளைந்து, பார்வை நீரில் பதிந்திருக்கும்வரை அது உங்களைப் பொருட்படுத்தவில்லை. கழுத்து நேராக நிமிர்ந்து, பார்வை உங்கள் பக்கம் திரும்பினால், நீங்கள் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். கால்களைச் சற்று மடக்கி உடலை முன்னே சாய்த்தால், அது பறக்க ஆயத்தமாகிவிட்டது. நிமிர்ந்த கழுத்தைக் கண்டவுடனேயே கேமராவைத் தாழ்த்தி, துடுப்பின் ஓர் அசைவால் படகை வெளிப்பக்கமாகத் திருப்பிவிடுங்கள். பறக்கும் படம் கிடைப்பதற்காகப் பறவையை எழுப்புவதும், ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம். கூட்டமாகக் கூடு கட்டியுள்ள திட்டுகளின் பக்கமே போகாதீர்கள். தாய் எழுந்து சென்றால் முட்டைகளும் குஞ்சுகளும் சில நிமிட வெயிலிலேயே மடியக்கூடும், காகங்களும் கடற்காகங்களும் அந்த இடைவெளிக்காகவே காத்திருக்கும்.

படி 6: முகாம்

வெளிச்சம் இருக்கும்போதே கூடாரத்தை அடித்துவிடுங்கள். நீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, மேடான இடத்தில், காய்ந்த கிளைகள் தலைக்கு மேல் இல்லாதபடி பாருங்கள். காய்ந்த பாசியும் சருகும் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் கோடு, நீர் எதுவரை ஏறியது என்பதைக் காட்டும். படகையும் அதற்கு மேலே இழுத்துக் கட்டுங்கள். கழிவுக்கான குழியை, நீரிலிருந்து அதே 60 மீட்டர் தொலைவில், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் தோண்டி மூடுங்கள். குளிர்ந்த கேமராவை வெதுவெதுப்பான கூடாரத்துக்குள் திறந்து வைத்தால் லென்ஸில் நீர் கோக்கும். பையை மூடியபடியே வைத்து, இரண்டின் வெப்பமும் சமமான பின் திறக்க வேண்டும்.

படி 7: குறிப்பும் பகிர்வும்

அன்றிரவே நேரம், இடம், இனம், எண்ணிக்கை, பறவை செய்துகொண்டிருந்தது என்ன என்பவற்றை எழுதிவிடுங்கள். பறவை நோக்குபவர்களின் பட்டியல்களைத் திரட்டும், 2002 முதல் இயங்கிவரும் ஈபேர்ட் இணையதளத்தில் பட்டியலைப் பதிந்தால், உங்கள் குறிப்பு ஆய்வாளர்களுக்கும் பயன்படும். படங்களை வெளியிடும்போது மட்டும், கோப்புக்குள் பதிவாகியிருக்கும் இருப்பிடத் தகவலை நீக்குங்கள். அரிய பறவைகளின் கூடு இருக்கும் இடத்தை, கேட்பவர் யாராக இருந்தாலும், பொதுவெளியில் சொல்லாதீர்கள்.