நம் நகரத்தின் பால்புதுமையர் வரலாற்றைத் தொகுப்பது எப்படி: சென்னையை முன்வைத்து ஒரு வழிகாட்டி

திருநங்கையர், திருநம்பியர், தன்பால் ஈர்ப்பாளர், இடைபாலினர் ஆகியோர் சென்னையில் தம் உரிமைக்காகப் போராடிய வரலாற்றை எழுத முற்படுகிறவர்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வழி தவறுகிறார்கள். 2009-இல் தன்பால் உறவு குற்றமல்ல என்ற தில்லி உயர் நீதிமன்றம், 2013-இல் அதை மாற்றிய உச்ச நீதிமன்றம், 2014-இல் திருநர் உரிமை பற்றிய நால்சா தீர்ப்பு, 2018-இல் மீண்டும் குற்றமல்ல என்ற உச்ச நீதிமன்றம் என்று தீர்ப்புகளை வரிசைப்படுத்தி, இடையிடையே நகரத்து நிகழ்வுகளைச் செருகிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி எழுதினால் உரிமை என்பது மேலிருந்து இறங்கி வந்ததைப் போலத் தோன்றும், நடந்தது அதுவன்று. சென்னையின் முதல் வானவில் பேரணி மெரினா கடற்கரையில் நடந்தது 2009 ஜூன் 28 அன்று; தில்லித் தீர்ப்பு வெளிவந்தது ஜூலை 2 அன்று. தன்பால் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு முழு வலுவோடு தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் அவர்கள் நடந்தார்கள். இந்த நான்கு நாள் இடைவெளியை மனத்தில் இருத்திக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் ஒரு காலவரிசை தேவை. ஒவ்வோர் அரசாணைக்கும் ஒவ்வொரு தீர்ப்புக்கும் தனித்தனித் தாள் எடுத்து, மேலே தேதியை எழுதி, கீழ்ப்பாதியை வெறுமையாக விடுங்கள். அந்தக் கீழ்ப்பாதி, "இதற்கு முன் யார் யார் என்ன செய்தார்கள்?" என்ற கேள்விக்கானது. எடுத்துக்காட்டாக, தமிழ்நாடு அரசு திருநங்கையர் நலவாரியம் அமைத்தது 2008 ஏப்ரல் 15 அன்று. திருநர் உரிமையை உறுதிசெய்த நால்சா தீர்ப்பு சரியாக ஆறு ஆண்டுகள் கழித்து, 2014-இல் அதே நாளில் வந்தது. அப்படியானால் 2008-க்கு முன்பே அரசின் கதவைத் தட்டியவர்கள் இருந்திருக்க வேண்டும் அல்லவா? அவர்களைத் தேடுவதுதான் உங்கள் வேலை.

2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சுஷ்மா வழக்கில் பிறப்பித்த உத்தரவுக்கும் இதே முறையைக் கையாளுங்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்பு கேட்ட இரண்டு பெண்களின் மனுவை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இந்தப் பொருளில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே உத்தரவு எழுதினார். பாலீர்ப்பை "மாற்றுவதாக"ச் சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்த அந்த உத்தரவின் தாளில், கீழ்ப்பாதியை நிரப்பப் பல பெயர்கள் தேவைப்படும்: வீட்டை விட்டு வந்தவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள், நீதிபதிக்கு விளக்கம் சொன்னவர்கள், அதற்கு முந்தைய ஆண்டுகளில் தொலைபேசியில் இரவெல்லாம் ஆறுதல் சொன்னவர்கள்.

அடுத்தது நூலக வேலை. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அங்கே போய்த் "திருநங்கை" என்று தேடினால் பழைய நாளிதழ்களில் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் அந்தச் சொல் அரசு வழக்கிலும் செய்திகளிலும் நிலைபெற்றது 2000-க்குப் பிந்தைய காலத்தில்தான். அதற்கு முன் "அரவாணி". அதற்கும் முன் இன்று நாம் வாயால் சொல்லத் தயங்கும் சொற்கள். அந்தச் சொற்களைக் கொண்டுதான் தேட வேண்டியிருக்கும். எழுதும்போது மேற்கோளில் மட்டும் பழைய சொல்லை அப்படியே வைத்து, உங்கள் சொந்த வாக்கியங்களில் அம்மக்கள் இன்று தமக்கு வைத்துக்கொண்ட சொல்லைப் பயன்படுத்துங்கள். 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசிதழில் வெளியான கலைச்சொல் பட்டியல் இதற்குக் கைகொடுக்கும். ஒரு நகரத்தில் சொற்கள் மாறிய வரலாறே ஒரு போராட்ட வரலாறு என்பது என் உறுதியான கருத்து. இங்கே பேரணிக்குப் பெயர் வைக்கும்போது ஆங்கிலத்தின் "பிரைடு" என்பதைப் "பெருமை" என்று மொழிபெயர்த்து விட்டுவிடாமல் "சுயமரியாதை" என்ற சொல்லை எடுத்துக்கொண்டதைப் பாருங்கள். அந்த ஒரு சொல்லுக்குள் இந்த மண்ணின் நூறாண்டு அரசியல் இருக்கிறது.

நாளிதழ்களில் குற்றச் செய்திப் பகுதியை மட்டும் புரட்டாதீர்கள். உடல்நலச் செய்திகளில்தான் பல தடயங்கள் இருக்கின்றன. இந்தியாவில் முதன்முதலாக 1986-இல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வில். அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் நோய்த் தடுப்புப் பணிக்கு வந்த நிதியைப் பற்றிக்கொண்டே, கோத்திகளும் (ஆண்களை நாடும், பெண்தன்மை கொண்ட ஆண்கள்) திருநங்கையரும் அச்சமின்றி வந்து உட்காரக்கூடிய அறைகள் உருவாயின. 1998-இல் தொடங்கிய சகோதரன் அப்படிப்பட்ட ஓர் அமைப்பு. ஆணுறை வழங்கும் இடமே நண்பர்கள் சந்திக்கும் இடமாகவும், பிறகு உரிமை பேசும் இடமாகவும் மாறியது. 2000-க்குப் பிறகு நண்பர் வட்டமாகத் தொடங்கி வளர்ந்த ஓரினம் போன்ற குழுக்கள் வேறு பாதையில், பெற்றோரோடு பேசுவது, தமிழில் எழுதுவது என்று வந்தன. இந்த இரண்டு ஓடைகளையும் பிரித்து எழுதுங்கள். ஒன்றில் வந்தவர்களின் சாதியும் வருமானமும் படிப்பும் மற்றதில் வந்தவர்களுடையவை போல இருக்கவில்லை.

இனி மனிதர்களிடம் போகலாம். இதுவே மிகக் கடினமான பகுதி, மிக நிதானமாகச் செய்ய வேண்டியதும் இதுவே. முதல் சந்திப்புக்கு ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துச் செல்லாதீர்கள். மூத்த திருநங்கையர் பலருக்கு நிருபர்களாலும் ஆய்வாளர்களாலும் ஏற்பட்ட கசப்பு இருக்கிறது. வந்தார்கள், கதை கேட்டார்கள், படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். திருநங்கையரின் குழுவான ஜமாத்தில் பேசப் போகிறீர்கள் என்றால் குருவிடம் முதலில் சொல்லிவிட்டு, அவர் முன்னிலையில் அவருடைய சீடர்களான சேலாக்களிடம் பேசுவது முறை.

"எந்த ஆண்டு?" என்று கேட்டால் பதில் வராது. நான் பேசிய ஓர் அம்மாவிடம் வீட்டை விட்டு எப்போது வந்தீர்கள் என்று மூன்று முறை கேட்டும் அவர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே பேசாமல் இருந்தார். அன்று ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேள்வியை மாற்றிக் கேட்டதும், "எம்.ஜி.ஆர். செத்தப்ப கடையெல்லாம் அடைச்சுக் கெடந்துச்சே கண்ணு, அதுக்கு முந்தின மாசம்தான் வந்தேன். அடுத்த சித்திரைக்கே கூவாகம் கூட்டிட்டுப் போனாங்க" என்றார். 1987 நவம்பரும் 1988 சித்திரையும் ஒரே வாக்கியத்தில் கிடைத்துவிட்டன. சுனாமி, 2015 வெள்ளம், தேர்தல்கள், கூவாகம் திருவிழா ஆகியவற்றைக் கொண்டு ஒரு நினைவுப் பட்டியலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்புதலை ஒரே கையெழுத்தில் முடித்துவிடக் கூடாது. பதிவு செய்யலாமா, பெயர் போடலாமா, குரலை மற்றவர் கேட்கலாமா, படத்தை வெளியிடலாமா என்பவை நான்கு தனிக் கேள்விகள். ஒன்றுக்கு ஆம் என்றவர் அடுத்ததற்கு வேண்டாம் என்பார். ஆறு மாதம் கழித்து மனம் மாறினால் அதற்கும் இடம் இருக்க வேண்டும். பேரணிப் படங்களில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். பத்தாண்டுகளுக்கு முந்தைய படத்தில் சிரித்துக்கொண்டு நிற்பவர் இன்று குடும்பத்துக்காக எல்லாவற்றையும் மறைத்து வாழ்பவராக இருக்கலாம். யாரென்று தெரியாத முகங்களை மறைத்துவிட்டே வெளியிடுங்கள். தேதி, இடம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றைப் படத்தோடு சேர்த்துத் தனியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். துண்டறிக்கைகளை ஒளிநகல் எடுக்கும்போது துருப்பிடித்த பின்னூசியை அகற்றிவிட்டு, பின்பக்கத்தையும் எடுக்க மறக்காதீர்கள். யாரோ பென்சிலில் எழுதிய கூட்ட நேரம் அங்கேதான் இருக்கும்.

திரட்டியவற்றைப் பரப்பிப் பார்க்கும்போது யார் இல்லை என்று கேளுங்கள். சென்னையில் பெரும்பாலும் தன்பால் ஈர்ப்புள்ள பெண்களும் திருநம்பியரும்தான் குறைவாக இருப்பார்கள், ஏனென்றால் அவர்கள் கூடியது கடற்கரையிலோ பூங்காவிலோ அல்ல, விடுதி அறைகளிலும் சமையலறைகளிலும். தலித் திருநர்களின் குரலும் விடுபடும். ஒவ்வொரு சாதிப் பிரிவின் ஒதுக்கீட்டுக்குள்ளும் திருநருக்குத் தனிப் பங்கு கேட்கும் கிடைமட்ட இடஒதுக்கீட்டுக்காகத் தலித் திருநங்கைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானுவும் அவரோடு நின்றவர்களும் நடத்திவரும் போராட்டத்தைப் பின்னிணைப்பாக ஒதுக்கிவிடாமல் நடுவில் வையுங்கள். லிவிங் ஸ்மைல் வித்யா, அ. ரேவதி ஆகிய திருநங்கையர் தம் வாழ்வைத் தாமே எழுதியிருக்கிறார்கள். அவற்றைப் படித்த பிறகு நேர்காணலுக்குப் போனால், ஏற்கெனவே சொல்லப்பட்டதையே மீண்டும் சொல்லச் சொல்லி ஒருவரைப் புண்படுத்தாமல் இருக்கலாம்.

எழுதி முடித்த படியை அச்சுக்கு அனுப்புமுன், பேசியவர்களிடம் எடுத்துச் சென்று உரக்கப் படித்துக் காட்டுங்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் இருப்பார்கள், தெரிந்தும் நேரமில்லாதவர்கள் இருப்பார்கள். "இந்த வரியை எடுத்துடு" என்று அவர்கள் சொன்னால், அது எவ்வளவு நல்ல வரியாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். ஒலிப்பதிவின் ஒரு பிரதியை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு, மற்றொன்றை அவர்கள் ஒப்புக்கொண்ட நூலகத்தில் ஒப்படையுங்கள்.