பரிசத்துக்குக் கலர் கல் மோதிரம்: முதல்முறை வாங்குபவர்களுக்கு

என் தம்பிக்குப் பெண் பேசி முடித்துப் பரிசம் போட நாளும் குறித்தாகிவிட்டது. மோதிரப் பேச்சு வந்தபோது அந்தப் பெண் என்னிடம் தனியாக ஒன்றைக் கேட்டாள். "அக்கா, எனக்கு வைரம் வேண்டாம். பச்சைக் கல் வைத்துச் செய்ய முடியுமா?" அன்றிலிருந்து நானும் தம்பியும் இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட் கடைகளுக்கும் ஈப்போ லிட்டில் இந்தியாவுக்கும் நடந்த நடை கொஞ்சமில்லை. அந்த அலைச்சலில் கற்றதை, முதல் தடவை வாங்கப் போகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலர் கல் என்றால் வைரம் வாங்க வசதியில்லை என்று நினைப்பவர்கள் நம் சொந்தத்திலும் இருக்கிறார்கள். நிச்சயத்துக்கு வைரம்தான் என்ற எண்ணம் இந்த அளவுக்குப் பரவியதில் டி பியர்ஸ் கம்பெனி 1947-இல் தொடங்கிய 'வைரம் என்றென்றும்' விளம்பரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மாணிக்கமும் மரகதமும் அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே நம் வீடுகளில் நல்ல நகை. 1981-இல் இளவரசி டயானா போட்டுக்கொண்ட நிச்சய மோதிரத்தில் நடுவில் இருந்தது இலங்கை நீலக்கல். அதே மோதிரம் இப்போது அவர் மருமகள் கேத் விரலில் இருக்கிறது. யாராவது முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள்.

1. முதலில் கையைப் பாருங்கள், கல்லை அப்புறம் பார்க்கலாம்

கடைக்குப் போகுமுன் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது இதைத்தான். மோதிரம் போடப்போகும் கை நாள் முழுக்க என்ன வேலை செய்கிறது?

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பால் உறைய ஃபார்மிக் ஆசிட் கலக்கும் வேலையும் பார்த்திருக்கிறார். கல்யாணத்துக்குத் தாத்தா போட்ட பவள மோதிரத்தை அம்மா வேலை நேரத்தில் கழற்றியதே இல்லை. சில வருடங்களில் பவளம் மெருகு போய், சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிட்டது. ராசி சரியில்லை என்று அம்மா ரொம்ப நாள் வருத்தப்பட்டார். பவளம் கால்சியம் கார்பனேட், ஆசிட் பட்டால் கரையும். முத்தும் அப்படித்தான். ராசியில் ஒரு குறையும் இல்லை, அந்தக் கைக்கு அந்தக் கல் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். இதை அப்போதே யாராவது சொல்லியிருக்கலாமே என்று எனக்கு இன்றும் மனசு கேட்காது.

கல்லின் கடினத்தை மோஸ் என்ற அளவில் சொல்வார்கள். 1-லிருந்து 10 வரை. வைரம் 10. மாணிக்கமும் நீலமும் 9. வைடூரியம் 8.5. ஸ்பினலும் டோபாஸும் 8. மரகதம் 7.5-லிருந்து 8. செவ்வந்திக்கல் 7. ஓப்பல், நிலாக்கல் எல்லாம் 6-ஐ ஒட்டி. பவளமும் முத்தும் 3, 4 அளவில்தான். நம் வீட்டுத் தூசியிலும் மணலிலும் குவார்ட்ஸ் துகள் இருக்கும். அதன் கடினம் 7. ஆகவே 7-க்குக் கீழே உள்ள கல்லைத் தினமும் போட்டால், தூசியைத் துடைக்கும்போதே கீறல் விழும். தினமும் போடும் மோதிரத்துக்கு 8-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். காதணி, பதக்கம் என்றால் மென்மையான கல்லும் பரவாயில்லை.

மரகதம் கணக்கில் தேறுகிறது, ஆனால் கடினம் வேறு, உறுதி வேறு. மரகதத்துக்குள் இயற்கையாகவே மெல்லிய வெடிப்புகள் இருக்கும். அவை தெரியாமல் இருக்கப் பெரும்பாலான கற்களில் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். இது பழைய வழக்கம், சொல்லி விற்றால் ஏமாற்று அல்ல. ஆனால் சூடும் சோப்பும் அடிக்கடி பட்டால் எண்ணெய் வெளியேறி வெடிப்பு தெரியத் தொடங்கும். ஓங்கித் தட்டினால் உடையவும் செய்யும்.

எங்கள் வீட்டுக்கு வரப்போகும் பெண் விடியற்காலையில் தன் அம்மாவோடு நாசி லெமாக்கும் இட்லியும் கட்டி விற்கிறாள். ஆவி, எண்ணெய், சோப்பு, எலுமிச்சை இதெல்லாம் அந்தக் கையில் பொழுதுக்கும் இருக்கும். ஆசைப்பட்டது மரகதம்தான் என்றாலும் விஷயத்தைச் சொன்னதும் அவளே யோசித்தாள். பச்சையில் வேறு கற்கள் உண்டு: பச்சை சஃபையர் (நீலக்கல்லின் இனமே, நிறம்தான் வேறு), பச்சை டூர்மலின், சாவரைட் கார்னெட். கடைசியில் 9 கடினம் உள்ள பச்சை சஃபையர் என்று முடிவானது. மரகதத்தின் பளிச்சென்ற பச்சை அதில் வராது, கொஞ்சம் ஆலிவ் கலந்து ஆழமாக இருக்கும். மழை பெய்து ஓய்ந்த செம்பனைத் தோப்பு நிறம் என்று அவள் சொன்னாள். அதற்கப்புறம் எனக்கும் அந்த நிறம் பிடித்துவிட்டது.

2. பெயரை இரண்டு தடவை கேளுங்கள்

கல் வியாபாரத்தில் நம் தமிழ்ப் பெயர்களே குழப்பும். புஷ்பராகம் என்று கேட்டால் ஒரு கடையில் மஞ்சள் சஃபையர் காட்டுவார்கள், இன்னொரு கடையில் டோபாஸ். கடினமும் வேறு, விலையும் வேறு. கெம்பு என்றால் சிலருக்கு மாணிக்கம். பரதநாட்டிய நகைகளில் பதிக்கும் கெம்போ பெரும்பாலும் கண்ணாடி அல்லது செயற்கைக் கல். ஆகவே "இது எந்த இனம்? கொரண்டமா, ஸ்பினலா, குவார்ட்ஸா?" என்று நேராகக் கேளுங்கள். மாணிக்கம், நீலம், மஞ்சள் சஃபையர், பச்சை சஃபையர் எல்லாம் கொரண்டம் என்ற ஒரே இனம்.

பெரிய இடத்திலேயே இந்தக் குழப்பம் நடந்திருக்கிறது. பிரிட்டிஷ் அரச மகுடத்தில் 'பிளாக் பிரின்ஸ் ரூபி' என்று ஒரு பெரிய சிவப்புக் கல் உண்டு. அது மாணிக்கமே அல்ல, ஸ்பினல். சிவப்புக் கல்லில் மனசு இருந்து மாணிக்க விலை கட்டுப்படியாகாவிட்டால் ஸ்பினலையும் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடினம், பெரும்பாலும் நிறம் தெளியச் சூடு காட்டாமலேயே விற்கப்படும் கல். மலிவு மோதிரங்களில் செயற்கை ஸ்பினலும் நிறைய வருகிறது, அதனால் இயற்கையா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

3. கல்லுக்கு என்ன செய்திருக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும் கடையில்தான் வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

மாணிக்கமும் நீலமும் பெரும்பாலும் சூளையில் சூடு காட்டப்பட்டவை. நிறம் தெளியும், திரும்ப மாறாது. அதை ஏற்றுக்கொள்ளலாம். எங்கள் பச்சை சஃபையரும் சூடு காட்டியதுதான்.

பயப்பட வேண்டியது கண்ணாடி நிரப்பிய மாணிக்கத்துக்கு. தரம் குறைந்த, வெடிப்பு நிறைந்த கொரண்டத்தில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பிவிடுவார்கள். பார்க்க அழகாக, பெரிதாக, விலை குறைவாக இருக்கும். என் சித்தி மகள் ஒரு கடையில் அப்படி ஒன்று வாங்கினாள். பில்லில் 'ரூபி' என்று மட்டும் இருந்தது. அளவு கூட்டப் பத்தரிடம் கொடுத்தபோது அவர் தங்கத்தைச் சூடு பண்ண, கல் முழுக்க வலைபோல வெடிப்பு தெரிந்துவிட்டது. பத்தர்மேல் தப்பு இல்லை, அவருக்கும் தெரியாது. எலுமிச்சைச் சாறுகூட இந்தக் கண்ணாடியை அரிக்கும். நகையைப் புளியிலும் எலுமிச்சையிலும் கழுவும் வீடு என்றால் நினைத்துப் பாருங்கள்.

பத்து மடங்கு பெருக்கும் லூப் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். கல்லைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே உருண்டைக் குமிழிகளும் வெடிப்போரம் நீலப் பளிச்சும் தெரிந்தால் கண்ணாடி நிரப்பு என்று சந்தேகப்படலாம். வளைந்த கோடுகள் தெரிந்தால் தீச்சுடர் முறையில் செய்த செயற்கைக் கல்லாக இருக்கலாம். வெர்னோய் என்ற பிரெஞ்சுக்காரர் அந்த முறையை 1902-இல் வெளியிட்டார், பாட்டி காலத்து நகைகளிலும் அந்தக் கற்கள் இருக்கின்றன. செயற்கை மாணிக்கத்துக்கும் கடினம் அதே 9. செயற்கை என்று சொல்லி, அதற்குரிய விலைக்குக் கொடுத்தால் தாராளமாக வாங்கலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் கிடையாது. இயற்கை என்று சொல்லி விற்பதுதான் தவறு.

4. கல்லை வெளிச்சத்துக்குக் கொண்டு போங்கள்

நகைக்கடை விளக்கு கல்லை அழகாகக் காட்டத்தான் போட்டிருக்கிறது. மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்புக் கல் தீயாக எரியும், வெள்ளை வெளிச்சத்தில் நீலம் தூக்கலாகத் தெரியும். கடைக்காரரிடம் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு வாசலில் இருக்கும் ஐந்தடி நடைபாதைக்கு வாருங்கள். வெயிலில் ஒரு தரம், நிழலில் ஒரு தரம் பாருங்கள். நிழலிலும் உயிரோடு இருக்கும் நிறம்தான் நல்ல நிறம். சில நீலக்கற்கள் கடைக்குள் அழகாக இருந்து வெளியே வந்ததும் மைபோலக் கறுத்துவிட்டன.

அடுத்தது, மோதிரத்தில் கட்டாத கல்லை அச்சடித்த தாளின்மேல் முகம் மேலாக வையுங்கள். நடுவில் எழுத்து படிக்க முடிந்தால் கல்லைச் சரியாகப் பட்டை தீட்டவில்லை. உள்ளே போன வெளிச்சம் திரும்பி வராமல் ஒழுகிப் போகிறது, நடுவில் வெளிறித்தான் தெரியும்.

கேரட்டை மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள். ஒரு கேரட் என்பது 0.2 கிராம் எடை. சஃபையர் கனமான கல், மரகதம் லேசான கல். ஒரே ஒரு கேரட்டில் சஃபையர் சின்னதாகத் தெரியும். மில்லிமீட்டரில் அளவு கேளுங்கள். 6 மில்லிமீட்டர் வட்டக் கல் விரலில் நன்றாகவே தெரியும்.

5. தங்கமும் கட்டும் விதமும்

இங்கேதான் எங்கள் வீட்டில் சத்தம் வந்தது. பத்தர் 750 தங்கம் என்றார், அம்மா 916 என்றார். 750-இல் முக்கால் பங்குதான் தங்கம், மீதி வேறு உலோகம். அதனால் கெட்டியாக இருக்கும். கல்லைப் பிடிக்கும் நகங்கள் சுலபத்தில் வளையாது. 916-இல் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம், அதனால் மென்மை. ஆனால் அம்மா பார்த்தது வேறு கணக்கு. கையில் காசில்லாத மாதம் அடகுக் கடைக்குப் போனால், அங்கே தங்கத்துக்குத்தான் மதிப்பு, கல்லைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். தோட்டத்தில் அடகுக்குப் போய்வந்த அம்மாவின் பவள மோதிரமும் தாலிக்கொடியும்தான் எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பின. அந்த நியாயத்தைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

கட்டும் விதத்தில் வழி கிடைத்தது. நகம் வைத்துத் தூக்கிக் கட்டாமல், கல்லைச் சுற்றித் தங்க விளிம்பு ஏற்றித் தாழ்வாகக் கட்டச் சொன்னோம். 916-ஆக இருந்தாலும் சுற்றுவிளிம்பு கல்லை நன்றாகப் பிடிக்கும், ஓரம் அடிபடாது, மாவு பிசையும்போதும் துணியில் மாட்டாது. அடிப்பக்கத்தைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். வெளிச்சமும் வரும், அழுக்கும் கழுவிப் போகும். விரல் அளவை மாலையில் எடுங்கள், நம் ஊர் வெக்கைக்கு அந்த நேரம் விரல் கொஞ்சம் வீங்கியிருக்கும். காலையில் எடுத்த அளவு மாலையில் இறுக்கும்.

6. பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள்

சஃபையர் என்றதும் அம்மா கேட்டது, "அது நீலம்தானே? சனியோட கல்லாச்சே!" நீலம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமானது. அதை வாதாடி ஜெயிக்க வேண்டியதில்லை. மோதிரம் காலம் முழுக்கக் கையில் இருக்கப் போகிறது, வீட்டுப் பெரியவர் ஒவ்வொரு தடவையும் பயந்து பார்க்கும்படி எதற்கு? வழக்கமாக ஜாதகம் பார்ப்பவரிடம் அம்மாவையே அனுப்பினோம். நீலத்தின் கணக்கு நீல நிறத்துக்குத்தான் என்று அவர் சொன்ன பிறகு அம்மாவே பத்தருக்கு முன்பணம் கொடுத்தார். உங்கள் வீட்டில் நீலத்தில் ஆசை இருந்து பெரியவர் சம்மதிக்கவில்லை என்றால், வேறு நிற சஃபையர் பற்றிப் பேசிப் பாருங்கள்.

7. காகிதம்

பில்லில் கல்லின் இனம், இயற்கையா செயற்கையா, என்ன செய்திருக்கிறது, எடை, அளவு, தங்கத்தின் தரம், கூலி எல்லாம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். விலை அதிகமான கல் என்றால் சோதனைக்கூடச் சான்றிதழ் கேளுங்கள். பக்கத்திலேயே பாங்காக்கில் ஜிஐஏ, ஏஐஜிஎஸ் என்ற சோதனைக்கூடங்கள் இரண்டும் இருக்கின்றன. சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்று ஆகிவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மூன்று ஆண்டுக்குள் புகார் செய்யலாம். 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை கேட்கலாம், கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. ஆனால் பில்லில் வெறும் 'ரூபி' என்றிருந்தால் அங்கே போயும் நிரூபிப்பது கஷ்டம். என் சித்தி மகளுக்கு நடந்தது அதுதான்.

8. போட்ட பிறகு

வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, குழந்தைகள் பல் துலக்கும் மென்மையான பிரஷ், இது போதும். மரகதத்துக்கும் முத்துக்கும் கடையில் நகை கழுவ வைத்திருக்கும் அதிர்வுத் தொட்டி கூடாது. செவ்வந்திக்கல்லை வெயிலில் நாள்கணக்கில் வைக்காதீர்கள், நிறம் வெளுக்கும். வருடத்துக்கு ஒரு தடவை பத்தரிடம் காட்டிக் கல் ஆடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காதருகே வைத்து மெதுவாகத் தட்டினால் சத்தம் கேட்டாலும் ஆடுகிறது என்று அர்த்தம்.

பரிசத்தன்று எல்லாரும் சந்தனம் பூசுவார்கள், குங்குமம் வைப்பார்கள். அது கல்லுக்கு அடியில் போய்க் காய்ந்தால் மறுநாள் கல் செத்துப் போனதுபோலத் தெரியும். அன்று இரவு படுக்கப் போகும் முன்பே மோதிரத்தைக் கழற்றி, ஒரு கிண்ணத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறப் போட்டுக் கழுவிவிடுங்கள். கழுவும்போது தொட்டியின் ஓட்டையை மூட மறக்க வேண்டாம்.