ஃபைல் பாதையில் பேக்ஸ்லாஷ்: பைத்தானில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸில் ஒரு ஃபைலின் பாதையை காப்பி செய்து, அப்படியே பைத்தான் மேற்கோள் குறிகளுக்குள் ஒட்டுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி, அதைச் சரிசெய்யப் போய் வருபவை.

சாதாரண ஸ்ட்ரிங்கில், அதாவது மேற்கோள் குறிகளுக்குள் எழுதும் உரையில், பேக்ஸ்லாஷ் (\) தனக்கு அடுத்து வரும் எழுத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அடுத்தது சின்ன ‘என்’ (n) என்றால் புதிய வரி, சின்ன ‘டி’ (t) என்றால் டேப். சேல்ஸ் ஃபோல்டருக்குள் டாக்ஸ் என்றொரு ஃபைல் இருக்கிறது, இரண்டு பெயரும் சின்ன எழுத்தில். பேக்ஸ்லாஷோடு சேர்ந்தால் தனி அர்த்தம் இல்லாத ‘எஸ்’ தப்பித்துவிடும், ‘டி’ மாட்டிக்கொள்ளும். அதே பெயரைப் பெரிய ‘டி’ போட்டு எழுதினால் ஃபைல் திறந்துவிடும்! நேற்று ஓடிய நிரல் இன்று ஏன் ஓடவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வது இதனால்தான்.

பிழைச் செய்தியை உற்றுப் பாருங்கள். பாதை இப்படித் தெரியும்:

டி:\\சேல்ஸ்\டாக்ஸ்.சிஎஸ்வி

இரட்டையாக இருப்பது ஒழுங்கான பேக்ஸ்லாஷ்; பைத்தான் அதை அப்படித்தான் காட்டும். ஒற்றையாக இருப்பதுதான் டேப் ஆகிப்போன இடம். பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, இரட்டையை ஒற்றையாக்க ரீப்ளேஸ் எழுத ஆரம்பிக்கிறார்கள். வேண்டாத வேலை.

யூசர்ஸ் ஃபோல்டரின் பெரிய ‘யூ’ வந்தால் நிரல் தொடங்கவே தொடங்காது. பேக்ஸ்லாஷும் பெரிய ‘யூ’வும் சேர்ந்தால் யூனிகோட் எழுத்துக் குறியீட்டின் தொடக்கம்; அது பாதியில் நிற்கிறது என்று பைத்தான் கத்தும். கத்துகிற பிழை நல்லது, உடனே திருத்திவிடலாம். பைத்தான் 3.12 முதல் ‘எஸ்’ போலத் தப்பிக்கும் இடங்களுக்கும் எச்சரிக்கை வருகிறது. அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

சரி, மேற்கோளுக்கு முன்னால் ‘ஆர்’ (r) போட்டு, பேக்ஸ்லாஷை வெறும் எழுத்தாகவே விட்டுவைக்கும் ரா ஸ்ட்ரிங் ஆக்கினால்? பெரும்பாலும் போதும். ஆனால் ரா ஸ்ட்ரிங்கை ஒற்றை பேக்ஸ்லாஷில் முடிக்க முடியாது. அது மூடும் மேற்கோளையே விழுங்கிவிடும். ‘ஆர்’ போட்ட பிறகு பேக்ஸ்லாஷையும் இரட்டிப்பாக்கினால், பாதையில் நிஜமாகவே இரண்டு உட்கார்ந்துவிடும். விண்டோஸ் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் இரண்டு பாதைகளை ஸ்ட்ரிங்காக ஒப்பிடும்போது ‘வேறு வேறு’ என்று வரும்.

என் கட்சி, பேக்ஸ்லாஷுக்குப் பதில் முன்சாய்வுக் கோடு (/). 1983-இல், விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான எம்எஸ்-டாஸ் 2.0 ஃபோல்டர்களைக் கொண்டுவந்தபோது, அந்தக் கோடு கட்டளைகளின் ஆப்ஷன்களுக்கு ஏற்கெனவே பயன்பட்டுக்கொண்டிருந்தது. அதனால்தான் பேக்ஸ்லாஷ் வந்தது. ஆனாலும் நிரலிலிருந்து ஃபைல் திறக்கும்போது விண்டோஸ் இரண்டையும் ஏற்கும்.

லினக்ஸில் கதை வேறு. அங்கே பேக்ஸ்லாஷ் பெயரில் வரக்கூடிய சாதாரண எழுத்து. ஃபோல்டருக்குள் எழுதுவதாக நினைத்திருப்பீர்கள். வெளியே பேக்ஸ்லாஷோடு விசித்திரப் பெயரில் ஒரு ஃபைல் கிடக்கும், பிழைச் செய்தியும் வராது. நிரல் இரண்டு இடத்திலும் ஓட வேண்டுமென்றால், பாதைகளைக் கையாள பைத்தான் 3.4 முதல் கூடவே வரும் பாத்லிப் (pathlib) என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். அதிலும் ஒன்று: சேர்க்கும் துண்டு முன்சாய்வுக் கோட்டில் தொடங்கினால், முன்னால் கொடுத்த ஃபோல்டர்கள் காணாமல் போய்விடும்.

அப்புறம், பாதையை ஜேசன் (JSON, தகவலைச் சேமிக்கும் ஒரு வடிவம்) ஃபைலில் வைப்பவர்களுக்கு: அங்கே ‘ஆர்’ கிடையாது. ஒவ்வொரு பேக்ஸ்லாஷையும் இரட்டிப்பாக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் அங்கேயும் முன்சாய்வுக் கோடு.