திடீரென்று மைலேஜ் இறங்கினால் செய்யக் கூடாதவை

லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த கார் இரண்டே வாரத்தில் 12-க்கு இறங்கிவிட்டால், காரைக்குடிப் பக்கம் பலரும் நேரே பட்டறைக்குப் போய் ஏர் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் மாற்றிவிடுகிறார்கள். சரியாகவில்லை என்றால் ஆக்சிஜன் சென்சர், அதற்கடுத்து இன்ஜெக்டர் கிளீனிங். செலவு ஆயிரக்கணக்கில் ஏறும், மைலேஜ் ஏறாது. தேய்மானத்தால் வரும் குறைவு மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும். சட்டென்று இறங்கினால் அண்மையில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அது எது என்று தெரியும்வரை எந்தப் பாகமும் வாங்க வேண்டாம்.

அளக்காமல் முடிவு கட்டுவது

500 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு, முள் பழைய இடத்துக்கு வரும்வரை ஓட்டிக் கணக்குப் பார்ப்பவர்கள் நிறைய. 500 ரூபாய்க்குக் கிடைப்பது 5 லிட்டர் அளவுதான். முள்ளைப் பார்ப்பதில் 1 லிட்டர் தவறினால் கணக்கில் 20 சதவீதம் பிழை. ஆட்டோ கட் ஆகும்வரை டேங்கை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, குறைந்தது 300 கிலோமீட்டர் ஓட்டுங்கள். மதுரைக்கு இரண்டு முறை போய்வந்தால் அந்தத் தூரம் தாண்டிவிடும். பிறகு அதே பங்க்கில், அதே குழாயில், மறுபடி ஆட்டோ கட் வரை நிரப்புங்கள். 412 கிலோமீட்டர் ஓடி 27.4 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 15.

ஆட்டோ கட் ஆன பிறகு கணக்கை முழு ரூபாயாக்க இன்னும் கொஞ்சம் அமுக்கச் சொல்லாதீர்கள். மிஞ்சும் பெட்ரோல், ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப் பெட்டிக்குள் போய் அதைக் கெடுத்துவிடும். டேஷ்போர்டு காட்டும் மைலேஜையும் அப்படியே நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் உண்மையைவிடச் சற்றுக் கூடவே சொல்லும்.

ஓட்டம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். வெளியூர் ஓட்டம் குறைந்து, ஊருக்குள்ளேயே இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டங்கள் கூடியிருந்தால், என்ஜின் சூடேறும் முன்பே அணைந்துவிடும். மைலேஜ் இறங்கத்தான் செய்யும். கல்யாண மண்டப வாசலில் ஏசி போட்டபடி நிறுத்திவைத்தால் சிறிய காரே மணிக்கு முக்கால் லிட்டருக்கு மேல் குடிக்கும். இதெல்லாம் பழுது அல்ல.

எல்லாவற்றையும் எத்தனால் தலையில் போடுவது

ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலிலிருந்து (இ10) 20 சதவீதம் கலந்ததற்கு (இ20) மாறினால் ஒரு லிட்டரின் ஆற்றல் சுமார் மூன்றரை சதவீதம் குறையும். அந்தக் கணக்குப்படி 16 கொடுத்த கார் 15.4 கொடுக்கும். பழைய கார்களில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இறங்கலாம். ஆனால் 12-க்கு இறங்காது. நாட்டின் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது 2025-இல். போன வாரம் வந்த கோளாறுக்கு அது பதிலாகாது.

டயர் காற்றுக்கும் இதே அளவுகோல்தான். 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய நான்கு டயரிலும் 25 இருந்தால் மைலேஜில் சுமார் ஒன்றரை இரண்டு சதவீதம் போகும். டயர் சூடாகாத காலை நேரத்தில், கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றுப் பிடியுங்கள். ஆனால் 25 சதவீத வீழ்ச்சிக்கு அதைக் காரணமாக்கித் தேடலை நிறுத்திவிடாதீர்கள்.

ஏர் ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் விழும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பாடம். இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் காரில் உள்ளே வரும் காற்றுக்கு ஏற்ப கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிடும். இழுவைதான் முதலில் குறையும். செம்மண் புழுதி படிந்த ஃபில்டரை மாற்றத்தான் வேண்டும். அது என்ஜினைக் காக்க. கம்ப்ரஸர் காற்றைப் பலமாக அடித்து அதன் காகிதத்தைக் கிழித்தால், புழுதி பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும்.

பிரேக்கைப் பார்க்காமல் விடுவது

திடீர் வீழ்ச்சிக்கு நாம் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிடித்துக்கொண்ட பிரேக்கை. பார்க்கச் செலவே கிடையாது, அப்படியும் பட்டறையில் கடைசியில்தான் இந்தப் பேச்சு வருகிறது. பிரேக்கை முடிந்தவரை மிதிக்காமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, மெதுவாக நிறுத்தி, ஒவ்வொரு வீலுக்கும் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் அனலடித்தால் ஆள் அங்கே இருக்கிறான். உறுதிசெய்ய, சமதளத்தில் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அந்த வீலை ஜாக்கில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் பேட் லேசாக உரசும் சத்தம் இயல்புதான். பலம்கொடுத்துச் சுற்ற வேண்டியிருந்தால் பிரேக் பிடித்திருக்கிறது.

இங்கே பேடை மட்டும் மாற்றி அனுப்புவது பெரிய தவறு. பேடை அழுத்தும் கேலிப்பர் நகரும் பின்னில் கிரீஸ் காய்ந்திருக்கலாம், ரப்பர் உறை கிழிந்து துரு ஏறியிருக்கலாம், பிஸ்டன் திரும்பாமல் இருக்கலாம். பிரேக் ஹோஸ் உள்ளே உப்பிப் போனால் ஆயில் போகும், திரும்பி வராது. பின்சக்கரம் என்றால் ஹேண்ட் பிரேக் கேபிளைப் பாருங்கள். காரணம் தீராவிட்டால் புதுப் பேடும் சில வாரத்தில் கருகும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது

ரேடியேட்டருக்குப் போகும் கூலண்டைத் திறந்து மூடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். நம் வெயிலுக்கு அது தேவையில்லை என்று அதைக் கழற்றிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வெளியே 40 டிகிரி அடித்தாலும், பெரும்பாலான கார்களில் அந்த வால்வு திறக்க வேண்டியது கூலண்ட் 82 முதல் 88 டிகிரி தொடும்போது. அது இல்லாவிட்டாலோ திறந்தபடி சிக்கிக்கொண்டாலோ என்ஜின் சூடேறாது. இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று எண்ணி கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். கூலண்டுக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படிந்து வால்வு சிக்குவதும் நடக்கும்.

காரின் கம்ப்யூட்டரைப் படிக்க ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் சிறிய ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகினால் இதைப் போனிலேயே பார்க்கலாம். கூலண்ட் சூடு ஊருக்குள் 88 காட்டி, திருச்சி ரோட்டில் வேகமெடுத்ததும் 65, 70 என்று இறங்கினால் தெர்மோஸ்டாட்தான் குற்றவாளி. கூலண்ட் சூட்டைச் சொல்லும் சென்சரைச் சோதிக்க, இரவு முழுக்க நின்ற காரில் காலையில் சாவியை மட்டும் போட்டுப் பாருங்கள். கூலண்ட் சூடும் உள்ளே வரும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 28 காட்டும்போது கூலண்ட் 5 காட்டினால் சென்சரோ அதன் வயரோ கெட்டுவிட்டது.

ஸ்கேனர் காட்டும் குறியீட்டையே கெட்ட பாகமாக எடுத்துக்கொள்வது

ஸ்கேனரில் பி0172 என்ற கோளாறுக் குறியீடு வந்தால் கலவையில் பெட்ரோல் கூடியிருக்கிறது என்று பொருள். அதைச் சொல்வது ஆக்சிஜன் சென்சர். அதையே மாற்றினால் சேதி சொன்னவனை அனுப்பிவிட்டதாகும். நீண்டகால ஃபியூல் டிரிம்மை, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பதைப் பாருங்கள். கூட்டலோ கழித்தலோ 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. கழித்தல் 15-ஐத் தாண்டினால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைக்கப் போராடுகிறது: ஒழுகும் இன்ஜெக்டர், கரிப் பெட்டியின் ஆவியை என்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வு மூடாமல் இருப்பது, கூடிப்போன பெட்ரோல் அழுத்தம் என்று தேடுங்கள். கூட்டல் பக்கம் போனால் எங்கோ காற்றுக் கசிவு இருக்கலாம்.

பெட்ரோல் வாடை வந்தால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். வண்டியை எடுக்காமல் முதலில் கசிவைப் பார்க்க வேண்டும்.

பிஎஸ்6 டீசல் கார் என்றால், ஊருக்குள் மட்டுமே ஓடும்போது புகை வடிகட்டி அடிக்கடி தன்னை எரித்துச் சுத்தம் செய்யும். அதற்கே டீசல் போகும். கரும்புகையும் விசில் சத்தமும் இழுவைக் குறைவும் சேர்ந்து வந்தால் டர்போ ஹோஸில் விரிசல் இருக்கிறதா பாருங்கள்.

பூட்டிய வீட்டில் நிற்கும் கார்

குடும்பம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை வீடுகளில் மாதக்கணக்கில் நிற்கும் கார்களுக்கு மேலே சொன்ன பாதிக் கோளாறுகளும் ஒன்றாகவே வந்துவிடும். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்ததும் சாவியைத் திருகிப் பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பிவிடாதீர்கள். பானெட்டைத் திறந்து எலி கடித்த வயரும் ஹோஸும் இருக்கிறதா பாருங்கள், டயருக்குக் காற்றுப் பிடியுங்கள், முதல் ஐந்து கிலோமீட்டருக்குப் பிறகு நான்கு வீலின் சூட்டையும் பாருங்கள். திரும்ப ஊருக்குப் போகும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்துவைக்காமல், கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டுப் போங்கள்.